102 பட்டன் கிட்டாருக்கு ஏன் ஆள் சேரவில்லை?

2010 அக்டோபர் 26 அன்று அமெரிக்காவில் ‘ராக் பேண்ட் 3’ என்ற இசை வீடியோ கேம் வெளியானபோது, அதற்கென்றே ஒரு விநோதமான கிட்டாரும் தயாராகிக்கொண்டிருந்தது. பார்வைக்கு ஃபெண்டர் மஸ்டாங் என்ற நிஜ எலக்ட்ரிக் கிட்டார் மாதிரி இருக்கும். ஆனால் கழுத்தில் தந்தி கிடையாது. தந்திக்கு 17 என்ற கணக்கில் ஆறு வரிசையாக மொத்தம் 102 பட்டன்கள். வலது கை மீட்டும் இடத்தில் மட்டும் ஆறு குட்டைத் தந்திகள். செய்தது மேட் கேட்ஸ் நிறுவனம், விலை 150 டாலர். அதுவரை திரையில் ஓடிவரும் கலர் வில்லைகளுக்கேற்ப, ஐந்து கலர் பட்டன் வைத்த பிளாஸ்டிக் கிட்டாரில் ஆடிக்கொண்டிருந்தவர்களிடம், ‘இனி ப்ரோ மோடில் ஆடுங்கள், நிஜ கிட்டாரில் விரல் எங்கே போகுமோ அங்கேயே வையுங்கள், ஆடிக்கொண்டே வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்’ என்று சொன்னது தயாரிப்பு நிறுவனமான ஹார்மோனிக்ஸ். விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள்.

ஐந்து வருஷம் கழித்து, 2015 அக்டோபரில் ராக் பேண்ட் 4 வந்தது. ப்ரோ கிட்டார் அதில் இல்லை. கீபோர்டும் இல்லை. ப்ரோ டிரம்ஸ் மட்டும் அப்படியே இருந்தது.

ரிதம் கேம்களில் கடினமான மோடுக்கு ஏன் ஆள் குறைகிறது என்று யாரைக் கேட்டாலும் ‘கஷ்டம், அதான்’ என்று பட்டென்று பதில் வரும். அந்தப் பதிலுக்கு இந்த ப்ரோ டிரம்ஸ் இடிக்கிறது. ஒரே கேம், ஒரே ‘ப்ரோ’ முத்திரை, இரண்டுமே நிஜ வாத்தியத்தை நோக்கிய நகர்வு. ஒன்று பிழைத்து மற்றொன்று போனதற்குக் கஷ்டத்தின் அளவு மட்டும் காரணமாக இருக்க முடியாது. என் கணிப்பில், ஒரு மோடு ஆட்டக்காரரை விரட்டுவது அது கேட்கும் உழைப்பால் அல்ல. அவர் ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் கைப்பழக்கத்தைச் செல்லாக்காசாக்கி, மறுபடி அரிச்சுவடியில் உட்காரச் சொல்வதால்தான்.

நாலு விரல், ஐந்து பட்டன்

முதலில், இந்தக் கூட்டம் கஷ்டத்துக்குப் பயந்த கூட்டமா என்று பார்த்துவிடலாம். 2005 நவம்பரில் வந்த முதல் ‘கிட்டார் ஹீரோ’வையும் ஹார்மோனிக்ஸ்தான் செய்தது. அதில் ஈஸி லெவலில் பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று மூன்று பட்டன்கள். மீடியத்தில் நீலம் சேரும். இதுவரைக்கும் பிரச்சினை இல்லை, ஒரு விரலுக்கு ஒரு பட்டன், கையை அசைக்கவே வேண்டாம். ஹார்டுக்குப் போனதும் ஆரஞ்சு வருகிறது. பட்டன் ஐந்து, கட்டைவிரலை விட்டால் விரல் நாலுதான். இப்போது கை கழுத்தின் மேல் வழுக்கி நகர வேண்டும், நகர்ந்த இடத்தைக் கண் பார்க்காமலே கை நினைவில் வைத்திருக்க வேண்டும், சரியான நேரத்தில் திரும்பி வரவும் வேண்டும். இந்த வகை கேம் ஆடிய எல்லோருமே இந்த ஆரஞ்சுச் சுவரில் ஒருமுறையாவது மோதியவர்கள்தான். மீடியத்தில் ராஜாவாக இருந்தவர் ஹார்டின் முதல் பாட்டிலேயே பாதியில் தோற்று நிற்பார்.

இருந்தும் லட்சக்கணக்கானவர்கள் அந்தச் சுவரைத் தாண்டினார்கள். தாண்டியதோடு நிற்கவும் இல்லை. உச்சமான எக்ஸ்பர்ட் லெவலில் ஒரு நோட்டுகூட, அதாவது ஒரு வில்லைகூட, விடாமல் முடிப்பதற்காக ஒரே பாட்டை மாதக்கணக்கில் ஆடினார்கள். இன்றைக்கும் ‘க்ளோன் ஹீரோ’ என்ற இலவச கேமை எடுத்துப் பாருங்கள். ரசிகர்களே உருவாக்கியது, கணினியில் ஓடும், பழைய பிளாஸ்டிக் கிட்டாரைச் செருகி ஆடலாம். எந்த நொடியில் எந்த நோட்டு வர வேண்டும் என்று பாட்டுக்கு ரசிகர்கள் எழுதும் வரைபடங்களான சார்ட்டுகளில் சில, மனித விரலால் முடியுமா என்று சந்தேகம் வரும் அளவுக்குக் கொடூரமானவை. அவற்றையும் யாராவது ஒருவர் உட்கார்ந்து முடித்து வீடியோ போடுகிறார். கஷ்டம் இவர்களுக்குப் பலகாரம் மாதிரி.

ஆனால் அந்தக் கஷ்டத்துக்கு ஒரு குணம் உண்டு. ஈஸியில் பழகியது மீடியத்தில் உதவும், மீடியத்தில் பழகியது ஹார்டில் உதவும். ஆரஞ்சு புதிது என்றாலும் மற்ற நாலும் பழையவை. எவ்வளவு உயரமான படியாக இருந்தாலும் காலுக்குக் கீழே முந்தைய படி இருக்கிறது.

திரையில் வந்தது என்ன?

ப்ரோ கிட்டாரில் அந்த முந்தைய படி இல்லை. திரையில் ஐந்து தடங்களுக்குப் பதில் ஆறு தடங்கள், தந்திக்கு ஒன்று. தடத்தில் கலர் வில்லை வராது, எண் வரும். மூன்றாவது தடத்தில் 7 என்று வந்தால் அந்தத் தந்தியின் ஏழாவது ஃப்ரெட்டை, அதாவது கழுத்தில் ஏழாவது கட்டத்தை, அமுக்கி, அதே தந்தியை மட்டும் மீட்ட வேண்டும். பல தந்திகளைச் சேர்த்து ஒன்றாக மீட்டும் கார்டு வந்தால் இன்னும் விசேஷம். ஒவ்வொரு தந்திக்கும் எண் போட்டால் படிக்க முடியாது என்பதால், விரல்கள் எப்படி வளைந்து நிற்க வேண்டும் என்பதை ஒரு மேடுபள்ளமான உருவமாக வரைந்து, தொடங்கும் ஃப்ரெட்டின் எண்ணை மட்டும் போட்டு, பக்கத்தில் கார்டின் பெயரையும் எழுதியிருப்பார்கள். அந்த உருவத்தைப் பார்த்த நொடியில் கை அதன்படி விழ வேண்டும். அடுத்த உருவம் அதற்குள் பாதி தூரம் வந்திருக்கும்.

யோசித்துப் பார்த்தால் இது புத்திசாலித்தனமான வடிவமைப்பு. ஓடிக்கொண்டே இருக்கும் திரையில் கார்டைக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஐந்து வருஷம் எக்ஸ்பர்ட் ஆடிய ஒருவர் இதன் முன் வந்து நின்றால் அவருடைய கையில் என்ன மிச்சம் இருக்கிறது? தாளத்தில் மீட்டும் பழக்கம் இருக்கிறது. மற்றதெல்லாம் போயிற்று. பச்சைக்கு ஆள்காட்டி விரல், சிவப்புக்கு நடுவிரல் என்று உடம்பில் ஊறியிருந்த தொடர்பு இங்கே வேலைக்கு ஆகாது. நேற்று வரை வேகமான சோலோ வாசித்தவர் இன்று ஈஸி லெவலில், நாலு விநாடிக்கு ஒரு நோட்டு என்று தடவிக்கொண்டிருக்கிறார். தமிழ்99 விசைப்பலகையில் பார்க்காமல் அடிக்கிறவரைப் பழைய டைப்ரைட்டர் முறைக்கு மாறச் சொன்னால் என்ன நடக்குமோ அதுதான். மொழி அதே, எழுத்துகள் அதே, அவருடைய வேகம் மட்டும் பூஜ்யம். மாறுவதால் என்ன லாபம் என்று எவ்வளவு சொன்னாலும் முதல் அரை மணி நேர எரிச்சலிலேயே பாதிப் பேர் பழையதற்குத் திரும்பிவிடுவார்கள்.

டிரம்ஸ் பக்கம் வாருங்கள். ராக் பேண்ட் டிரம்ஸில் நாலு பேடுகள், காலுக்கு ஒரு பெடல். ப்ரோ மோடு செய்தது இதுதான்: மஞ்சள், நீலம், பச்சை ஆகிய மூன்று கலர்களை இரண்டாகப் பிரித்தது. அதே கலரில் சதுரமாக வந்தால் பேடை அடி, வட்டமாக வந்தால் மேலே பொருத்தியிருக்கும் சிம்பல் என்ற தாளத்தட்டை அடி. மூன்று சிம்பல்களும் சேர்த்து 40 டாலர், ஏற்கெனவே வீட்டில் இருக்கும் டிரம்ஸில் மாட்டிக்கொள்ளலாம். கலரும் பழையது, பெடலும் பழையது, குச்சியைப் பிடிக்கும் பிடியும் பழையது. மாற்றம் கை போகும் உயரத்தில்தான். முதல் நாள் சறுக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும், அப்புறம் சிம்பல் இல்லாமல் ஆடுவது சப்பென்று இருக்கும்.

டிரம்ஸுக்கு இன்னொரு அதிர்ஷ்டமும் இருந்தது. அந்தக் கேமில் டிரம்ஸ் மட்டும் ஆரம்பத்திலிருந்தே கிட்டத்தட்ட நிஜம். பிளாஸ்டிக் கிட்டாரில் எக்ஸ்பர்ட் முடித்தவருக்கு நிஜ கிட்டாரைக் கொடுத்தால் ஒரு கார்டுகூடப் பிடிக்கத் தெரியாது. பிளாஸ்டிக் டிரம்ஸில் எக்ஸ்பர்ட் முடித்தவரை நிஜ டிரம்ஸ் முன் உட்கார வைத்தால் சுமாராகவாவது ஒரு பாட்டை ஓட்டிவிடுவார். ஆக, நிஜத்துக்கும் விளையாட்டுக்கும் நடுவே இருந்த தூரம் டிரம்ஸில் ஒரு தாவல், கிட்டாரில் ஒரு பயணம். ‘ப்ரோ’ என்ற ஒரே பெயரை இரண்டுக்கும் வைத்தது விற்பனைப் பிரிவின் வசதிக்கு நன்றாக இருந்திருக்கலாம், ஆட்டக்காரருக்கு அது எதையும் சொல்லவில்லை.

கீபோர்டு இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. 25 கட்டைகள், சாதாரண மோடில் ஐந்து வெள்ளைக் கட்டைகள் மட்டும், ப்ரோவில் எல்லாமும். ப்ரோவில் மொத்தக் கட்டைகளும் ஒரே நேரத்தில் திரையில் தெரியாது. பாட்டு மேல் ஸ்தாயிக்குப் போனால் தடமே பக்கவாட்டில் நகரும், அதோடு கையும் நகர வேண்டும். நல்ல மோடுதான், எனக்கு மூன்றிலும் இதுதான் பிடித்தது. ஆனால் கீபோர்டு அந்தக் கேமிலேயே புதிய வாத்தியம். அதில் கை பழகிய கூட்டம் என்று ஒன்று இன்னும் உருவாகவே இல்லை.

யாருக்காகச் செய்தார்கள்?

ஹார்மோனிக்ஸை 1995-இல் தொடங்கிய அலெக்ஸ் ரிகோபுலோஸும் எரான் எகோசியும் எம்ஐடியில் இசையும் கணினியும் சேர்த்துப் படித்தவர்கள். வாத்தியம் வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் வாசிக்கும் சந்தோஷத்தைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அந்த நிறுவனத்தின் ஆரம்பக் கனவு. கிட்டார் ஹீரோ பிரபலமான நாளிலிருந்து ஒரு கிண்டல் அவர்களைத் துரத்தியது: ‘இவ்வளவு நேரத்துக்கு நிஜ கிட்டாரே கற்றுக்கொண்டிருக்கலாமே!’ ப்ரோ மோடு அந்தக் கிண்டலுக்குப் பதில். பிரச்சினை என்னவென்றால் அந்தக் கிண்டலை அடித்தவர்கள் கேம் வாங்குகிறவர்கள் இல்லை.

வாங்கக்கூடியவர்களைப் பார்ப்போம். ஏற்கெனவே கிட்டார் வாசிக்கத் தெரிந்தவருக்கு 102 பட்டன் பிளாஸ்டிக் எதற்கு? அவருடைய கிட்டார் மூலையில் இருக்கிறது, பாட்டைக் காதால் கேட்டே பிடித்துவிடுவார். பட்டன் அமுக்கும்போது விரலில் தந்தியின் உணர்வு வராததும் அவருக்கு எரிச்சல். அவருக்காகவே ஸ்குவையர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்று இன்னொன்றை 2011 மார்ச்சில் கொண்டுவந்தார்கள். நிஜத் தந்தி போட்ட கிட்டார், விரல் எங்கே இருக்கிறது என்பதைக் கழுத்தே உணர்ந்து கேமுக்குச் சொல்லும், ஆம்ப்ளிஃபையரில் செருகி வாசிக்கவும் செய்யலாம். 280 டாலர். அந்த விலைக்குச் சாதாரண ஸ்குவையர் கிட்டாரும் சின்ன ஆம்ப்பும் வாங்கி மிச்சமும் பிடிக்கலாம் என்று கணக்குப் போடத் தெரியாத கிட்டார்காரர் யார்?

கிட்டார் தெரியாதவரோ நண்பர்களோடு வார இறுதியில் கூத்தடிக்க இந்தக் கேமை வாங்கியவர். அவருக்கு ஐந்து பட்டன் போதும். வாசிக்கத் தெரியாது, கற்றுக்கொள்ள ஆசை உண்டு, ஆசிரியரிடம் போக மனமில்லை, கேமில் கற்க விருப்பம், செலவழிக்க 150 டாலரும் கையில் இருக்கிறது என்று எல்லாம் சேர்ந்து அமைந்த ஆள்தான் ப்ரோ கிட்டாரின் வாடிக்கையாளர். அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள், அந்த மோடை உயிராக நேசித்தார்கள், அதன் மூலம் உண்மையாகவே கிட்டார் கற்றுக்கொண்டவர்களும் உண்டு. ஒரு பெரிய நிறுவனத்தின் முதன்மைத் தயாரிப்பைத் தாங்கும் அளவுக்கு அவர்கள் எண்ணிக்கை போதவில்லை.

பார்ட்டியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ராக் பேண்டின் பலமே நாலு பேர் சேர்ந்து ஆடுவது. ஒவ்வொருவரும் தனக்கேற்ற லெவலை எடுத்துக்கொள்ளலாம் என்பதால் பாட்டி ஈஸியில் பாடலாம், பேரன் எக்ஸ்பர்ட்டில் டிரம்ஸ் அடிக்கலாம். ப்ரோ கிட்டார் அந்த ஏற்பாட்டுக்குள் நுழைந்தபோது, அதைப் பழகுகிறவர் ஈஸியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நோட்டு அமுக்கிக்கொண்டிருப்பார். தவறவிட்டால் பாட்டில் கிட்டார் சத்தமே அடங்கிவிடும். கூட ஆடுகிறவர்களுக்கு அது ரசிக்காது, அவருக்கும் கூச்சம். கிட்டார் பழகுவது தனியறை வேலை, விரல் கன்றிப்போகும் வரை ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் வேலை. அதைக் கொண்டாட்டத்துக்காகச் செய்த கேமுக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். ட்ரெயினர் என்று தனியே பாடங்களும் இருந்தன, நன்றாகவே இருந்தன. பாடத்துக்காக அந்தக் கேமைப் போடுகிறவர் எத்தனை பேர்?

பாட்டு இல்லை, அதனால் ஆள் இல்லை, அதனால் பாட்டு இல்லை

ஆள் குறைவு என்பது ஒரு நிலையில் நின்றுவிடும் சங்கதி அல்ல, தானே பெருகும். ராக் பேண்ட் 3 வந்த சமயத்தில் ராக் பேண்டுக்காக ஏற்கெனவே 2,000-க்கும் மேற்பட்ட பாட்டுகள் இருந்தன. ஐந்து பட்டன்காரர் பழைய கருவியை வைத்துக்கொண்டே அவற்றையெல்லாம் ஆடலாம். டிரம்ஸ்காரருக்கும் கவலை இல்லை. எது பேடு, எது சிம்பல் என்ற விவரம் பழைய பாட்டுகளில் பெரும்பாலானவற்றில் முன்பே இருந்ததால் ப்ரோ டிரம்ஸ் அவற்றிலும் ஓடியது. ப்ரோ கிட்டாருக்கோ டிஸ்கில் இருந்த 83 பாட்டுகளும், அதற்குப் பிறகு தனியே எழுதப்பட்ட சிலவும்தான்.

தனியே எழுதுவது என்றால் லேசான வேலை இல்லை. ஒவ்வொரு பாட்டிலும் கிட்டார், பாஸ் கிட்டார் இரண்டையும் எந்தத் தந்தியில், எந்த ஃப்ரெட்டில், எந்த விரலமைப்பில் வாசித்தார்கள் என்று காதால் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். அதை எக்ஸ்பர்ட்டில் முழுசாக எழுதிவிட்டு, பாட்டு குலையாமல் மற்ற மூன்று லெவல்களுக்கும் குறைக்க வேண்டும். அதோடு முடியாது. 102 பட்டன் மஸ்டாங்குக்கு 17 ஃப்ரெட், ஸ்குவையருக்கு 22. பதினேழுக்கு மேலே போகும் பாட்டை மஸ்டாங்கில் ஆட வேண்டுமென்றால் அந்த இடத்தை மாற்றி எழுத வேண்டும், ஆகவே இரண்டு பதிப்பு. இந்த உழைப்புக்காகத்தான் இரண்டு டாலர் பாட்டுக்கு மேல், ப்ரோ கிட்டார், பாஸ் வேண்டுமென்றால் இன்னொரு டாலர் என்று விலை வைத்தார்கள், அதுவும் தேர்ந்தெடுத்த சில பாட்டுகளுக்கு மட்டும். ப்ரோ டிரம்ஸுக்கும் ப்ரோ கீபோர்டுக்கும் தனிக் காசு கிடையாது. நிறுவனத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே 150 டாலர் போட்டு, ஈஸியில் தடவிக்கொண்டிருக்கிறவரிடம் பாட்டுக்குப் பாட்டு கூடுதல் கட்டணம் கேட்டால் அவர் எத்தனை பாட்டு வாங்குவார்? அவர் வாங்காவிட்டால் அடுத்த பாட்டை யார் எழுதுவார்?

இந்த இடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபணை உண்டு. அந்தச் சந்தையே அப்போது சரிந்துகொண்டிருந்ததே, ப்ரோ கிட்டாரைத் தனியாகக் குறை சொல்லலாமா? சரிந்தது உண்மை. 2009-இல் கடைகளில் பிளாஸ்டிக் வாத்தியம் குவிந்து கிடந்தது. ராக் பேண்ட் 3 வந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், 2010 நவம்பரில், ஹார்மோனிக்ஸை விற்கப்போவதாக வயாகாம் அறிவித்தது. 2006-இல் 175 மில்லியன் டாலருக்கு வாங்கிய நிறுவனத்தை அந்த டிசம்பரிலேயே கைமாற்றிவிட்டது, கடன் சுமைகளோடு சேர்த்து வெறும் ஐம்பது டாலருக்குக் கொடுத்ததாகச் செய்தி வந்தது. 2011 பிப்ரவரியில், கிட்டார் ஹீரோவை வெளியிட்டுவந்த ஆக்டிவிஷன் நிறுவனம் அந்தப் பிரிவையே மூடியது. இப்படிப்பட்ட காலத்தில் எந்தப் புது மோடு பிழைக்கும் என்று கேட்கலாம்.

அதே இலையுதிர் காலத்தில் இதே ஹார்மோனிக்ஸ், உடல் அசைவைப் படிக்கும் கினெக்ட் கேமராவுக்காக ‘டான்ஸ் சென்ட்ரல்’ என்ற நடன கேமை வெளியிட்டது. அது நன்றாக விற்றது. அதில் எல்லோருமே புதியவர்கள், யாருக்கும் இழக்க எதுவும் இல்லை. சந்தை சரிந்தது ப்ரோ கிட்டாரின் ஆயுளைக் குறைத்திருக்கும், மறுக்கவில்லை. ப்ரோ டிரம்ஸ் மட்டும் 2015 வரை வந்ததற்குச் சந்தையைக் காரணம் காட்ட முடியாது.

அதே பாடத்தை வேறொருவரும் படித்தார்கள்

2011 அக்டோபரில் யூபிசாஃப்ட் என்ற கேம் நிறுவனம் ‘ராக்ஸ்மித்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. நிஜ எலக்ட்ரிக் கிட்டாரை ஒரு கேபிளால் கேமோடு இணைக்க வேண்டியதுதான், தனிக் கண்ட்ரோலர் கிடையாது. ப்ரோ கிட்டார் கேட்ட அதே உழைப்பை, இன்னும் சொன்னால் அதைவிடக் கூடுதலாகவே, இதுவும் கேட்டது. இருந்தும் இது நிலைத்தது. 2014 பதிப்பு வந்தது, 2022-இல் சந்தா முறையில் ராக்ஸ்மித் ப்ளஸ் வந்தது. ஐந்து பட்டன் மோடு என்ற ஒன்றே இதில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ‘கிட்டார் கற்க வந்தேன்’ என்று சொல்லித்தான் ஆள் உள்ளே வருகிறார். அவரோடு ஒப்பிட்டுச் சிரிக்க நேற்றைய அவரே அங்கே கிடையாது. பாட்டின் ஒவ்வொரு துண்டிலும் நன்றாக வாசித்தால் நோட்டுகள் தானாகக் கூடும், திணறினால் குறையும். லெவல் தேர்வு செய்யும் திரையே வராததால் ‘நான் ஈஸி ஆள்’ என்ற முத்திரையும் விழாது. இது சின்ன விஷயமாகத் தெரியலாம், எனக்கு ராக்ஸ்மித்தில் பிடித்த பெரிய விஷயமே இதுதான்.

எதிர்த்திசையில் ஓர் உதாரணம் 2015-இல் வந்த ‘கிட்டார் ஹீரோ லைவ்’. ஐந்து பட்டனை எடுத்துவிட்டு, மேல் வரிசையில் மூன்று, கீழ் வரிசையில் மூன்று என்று ஆறு பட்டன் வைத்தார்கள். நிஜ கிட்டாரின் உணர்வுக்கு இது நெருக்கம், சுண்டுவிரல் தொல்லையும் தீர்ந்தது. புதிதாக வந்தவருக்கு எளிது. பழைய ஆட்டக்காரர்களில் பலர் முகம் சுளித்தார்கள். பத்து வருஷக் கைப்பழக்கம் போகிறது, பழைய கிட்டாரும் பழைய பாட்டும் அதில் ஓடாது. விற்பனை எடுபடவில்லை. அதைச் செய்த ஃப்ரீஸ்டைல்கேம்ஸ் ஸ்டூடியோவை ஆக்டிவிஷன் 2017-இல் யூபிசாஃப்டிடம் தள்ளிவிட்டது, இணையத்தில் ஓடிய பாட்டுச் சேவையை 2018 டிசம்பரில் நிறுத்திவிட்டது. இங்கே மோடு கடினமானதுகூட இல்லை. வேறாக இருந்தது, அவ்வளவுதான்.

கிட்டாரை விட்டு வெளியே வந்தாலும் கதை மாறவில்லை. 2007-இல் ஆஸ்திரேலியாவின் டீன் ஹெர்பர்ட் வெளியிட்ட ‘ஓசு’ என்ற கணினி ரிதம் கேமில் நாலு மோடுகள் உண்டு. மவுஸாலோ பேனா டேப்லெட்டாலோ வட்டங்களை அடிக்கும் முதல் மோடுக்குத்தான் பெருங்கூட்டம். மேலிருந்து விழும் பழங்களைத் தட்டில் பிடிக்கும் ‘கேட்ச்’ மோடில் ஆள் மிகவும் குறைவு. கேட்கச் சிறுபிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும், மூன்றே விசைகள்: இடது, வலது, ஓட்டம். ஆனால் ‘ஓவர்டோஸ்’ லெவலைப் பார்த்தால் தலை சுற்றும். சிவப்பாக ஒளிரும் பழத்தைப் பிடித்தால் தட்டு அடுத்த பழத்துக்கு அசுர வேகத்தில் பாயும், பாய்ந்த வேகத்திலேயே எதிர்ப்பக்கம் திரும்பவும் வேண்டும்.

கேட்ச்சின் தனிமைக்குக் காரணம் தேடினால் மற்ற இரண்டு மோடுகளைப் பார்த்தாலே போதும். ‘டைகோ’ மோடு ஜப்பானில் காசு போட்டு ஆடும் ஆர்கேடில் 2001-லிருந்து ஓடும் டைகோ நோ தாட்சுஜின் என்ற முரசு கேம் மாதிரி, அங்கே பழகிய கை இங்கே அப்படியே செல்லுபடியாகும். விழும் நோட்டுகளை விசைகளால் அடிக்கும் ‘மேனியா’ நாலு மோடுகளில் கடைசியாக, 2012-இல்தான் சேர்ந்தது. ஆனால் பீட்மேனியா, டிஜேமேக்ஸ், ஸ்டெப்மேனியா என்று பல கேம்களில் விசைகளை அடித்துப் பழகிய பெரிய கூட்டம் வெளியே தயாராக இருந்தது, அது வந்து இறங்கியது. கேட்ச்சின் மூலம் ஈஸி2கேட்ச் என்ற கொரிய ஆட்டம், அதை அறிந்தவர்களே குறைவு. வெளியிலிருந்து வர ஆளில்லை. உள்ளே இருக்கிறவருக்கோ மவுஸில் சேர்த்த குறிபார்க்கும் திறமை தட்டை நகர்த்த உதவாது. முதல் மோடுக்காக எழுதிய சார்ட்டுகளைக் கேட்ச்சுக்குத் தானியங்கியாக மாற்றித் தரும் வசதி இருப்பதால் பாட்டுப் பஞ்சம் அவ்வளவாக இல்லை, ஆனாலும் கூட்டம் கூடவில்லை. பாட்டுகளைக் கொட்டிக் கொடுத்தால் மட்டும் போதாது என்பதற்கு இது சாட்சி.

கொனாமியின் ‘பீட்மேனியா ஐஐடிஎக்ஸ்’ 1999-லிருந்து ஆர்கேடில் ஓடுகிறது. ஏழு விசைகள், ஒரு சுழல்தட்டு, அவற்றுக்கு இரண்டு கைகள். டபுள் ப்ளே மோடில் இரண்டு பக்கத்தையும் ஒருவரே எடுத்துக்கொள்ள வேண்டும்: 14 விசைகள், இரண்டு சுழல்தட்டுகள். ஆக ஒரு கை மட்டுமே ஏழு விசைகளையும் ஒரு சுழல்தட்டையும் சமாளிக்கிறது. இடது கையில் சுண்டுவிரல் தட்டுப் பக்கம், கட்டைவிரல் எதிர்க்கோடியில் நீண்டு கிடக்கும். வலது கை அதன் கண்ணாடிப் பிம்பம். ‘தான்’ என்ற தரவரிசைத் தேர்வும் இரண்டுக்கும் தனித்தனி. சிங்கிளில் பத்தாம் தான் வாங்கியவரும் டபுளில் கீழ்ப்படியிலிருந்துதான் ஏற வேண்டும். கண்ணுக்கு நோட்டு படிக்கத் தெரியும், விரலுக்குத் தெரியாது. பல வருஷங்களாக டபுள் ஆடும் கூட்டம் சிறிசாகவே இருக்கிறது, ஆனால் அழியவும் இல்லை. காரணம் எளிது: அதே பெட்டி, அதே காசு, அதே பாட்டு. புதுக் கருவி வாங்க வேண்டாம். இழப்பது மானம் மட்டும்தான், அதுவும் கொஞ்ச நாளைக்கு.

மேடையில் இருக்கும் பேனல்களைக் காலால் மிதித்து ஆடும் ‘பம்ப் இட் அப்’ கேம்காரர்களிடம் டபுள் இவ்வளவு ஒதுங்கி நிற்பதில்லை என்பதையும் பார்க்கலாம். ஐந்து பேனல் பத்தாகிறது, கால் அதே கால். ஒரு மேடையில் திரும்பிப் பழகிய உடம்பு இரண்டு மேடையிலும் திரும்புகிறது. சிங்கிள், டபுள் இரண்டையும் மாற்றி மாற்றி ஆடுவது அங்கே சாதாரணம்.

இதையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது ராக் பேண்ட் 3-க்கு ஓர் இடைப்படி இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. ஐந்து பட்டன் தெரிந்தவர் இரண்டு தந்தியில், நாலு ஃப்ரெட்டில், அதே கலர்களை வைத்து எக்ஸ்பர்ட் வேகத்தில் ஆடும் ஒரு மோடு. நிஜ கிட்டார் ஆசிரியர்கள் இதைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள், விரலமைப்பு கெட்டுப்போகும் என்பார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான். ஆனால் ஆட்டக்காரர் பழைய கையோடு உள்ளே வந்திருப்பார். நிஜத்துக்கு உண்மையாக இருப்பதா, ஆட்டக்காரரின் பழக்கத்துக்கு உண்மையாக இருப்பதா என்ற கேள்வியில் ஹார்மோனிக்ஸ் முதலாவதைத் தேர்ந்தெடுத்தது. கொள்கைப் பிடிப்பு என்று அதை மதிக்கிறேன், வியாபாரமாக அது தப்புக் கணக்கு.

2021-இல் ஹார்மோனிக்ஸை எபிக் கேம்ஸ் வாங்கியது. 2023 டிசம்பரில் ஹார்மோனிக்ஸ் செய்த ‘ஃபோர்ட்நைட் ஃபெஸ்டிவல்’ என்ற ரிதம் கேம் வந்தது. சாதாரணமாக அதைக் கேம்பேடிலோ கணினி விசைப்பலகையிலோ ஆடலாம். 2024 ஏப்ரலில் பிளாஸ்டிக் கிட்டாருக்கும் வழி திறந்தார்கள், ‘ப்ரோ லீட்’, ‘ப்ரோ பாஸ்’ என்று தனிப் பகுதிகளாக. பரணிலிருந்து பழைய கிட்டாரை இறக்கித் தூசி தட்டியவர்களுக்கு அங்கே புதிதாகப் படிக்க எதுவும் இல்லை. பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு. எல்லாம் அப்படியே.